மக்கள் பாட மாட்டார்கள் என்று யார் சொன்னது?

“நம்ம சனங்க பாட மாட்டாங்க ஃபாதர், அதான் நாங்க பாடுறோம்.” பங்குப் பேரவையில் இசையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பாடகர் குழுப் பொறுப்பாளர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். பங்குத்தந்தை தலையாட்டுவார். உறுப்பினர்கள் அடுத்த பொருளுக்கு, பெரும்பாலும் திருவிழாக் கணக்குக்கு, நகர்ந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் கடலோரம், மலையடிவாரம், மாநகரம் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து இது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. மக்கள் பாடாததால் குழு நன்றாகப் பாட வேண்டும்; அதற்கு நல்ல கீபோர்டு, ரிதம் பேட், மிக்சர், குரல்வளமுள்ள நான்கைந்து பேர் வேண்டும்; இவை அமைந்துவிட்டால் அந்தப் பங்கின் இசை சிறப்பு. “அந்தக் கோயில்ல பாட்டு சூப்பர்” என்று அடுத்த பங்குக்காரர்களும் சொல்வார்கள். அந்தச் சூப்பரில், கீழே உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பங்கு எதுவும் கிடையாது.

இந்தக் கருத்து பொய் என்று காட்ட ஆவணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. தவக்கால வெள்ளிக்கிழமை மாலை அதே கோயிலுக்குப் போனால் போதும். சிலுவைப்பாதை நடக்கும். கீபோர்டு உறைக்குள் கிடக்கும். உபதேசியாரோ ஒரு கன்னியரோ அடியெடுத்துக் கொடுப்பார். இரண்டாவது சொல்லுக்குள் கோயில் முழுவதும் சேர்ந்துகொள்ளும். 14 தலங்களுக்கும் நடுவே நின்றும் முழந்தாளிட்டும் பாடுவார்கள். ஞாயிறு காலை வாயே திறக்காத பெரியவர் புத்தகம் பார்க்காமல் பாடுவார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்காகக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இறந்தவர் வீட்டில் இரவு செபத்துக்கு உட்கார்ந்து பாருங்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்ய வரிசை நகரும்போது கேளுங்கள். புனித வியாழன் மாலை வானவர் கீதம் முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரை இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே என்பது திருச்சபையின் விதி. நம் பங்குகள் பலவற்றில் அவற்றை அறவே தொடுவதில்லை. ஆண்டு முழுவதிலும் மக்கள் குரல் மிக நன்றாகக் கேட்பது அந்த நாட்களில்தான். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பாடத் தெரிந்த, பாட ஆசையும் உள்ள இதே மக்கள் ஞாயிறு காலையில் மட்டும் எப்படி ஊமையாகிறார்கள்? பாட முடியாதபடி நாம் பாடுவதால்தான்.

முதலில் சுருதி. நம் குழுக்கள் பாடும் பாடல்களில் பெரும்பகுதி கேசட், சி.டி., இப்போது யூடியூப் வழியாக வந்தவை. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சித்ராவும் அவர்களைப் போன்ற பின்னணிப் பாடகர்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவை நிறைய. அவர்கள் குரல் எங்கே ஒளிருமோ அந்தச் சுருதியில் இசையமைப்பாளர் பாட்டைப் போட்டிருப்பார். அவர் வேலை அது. நம் கீபோர்டுக்காரர் அதே சுருதியில், அதே முன்னிசையோடு, அச்சு அசலாக வாசிக்கிறார். “ஒரிஜினல் ஸ்கேல் மாத்தினா பாட்டோட கெத்து போயிரும்” என்பார். பல்லவி எல்லோருக்கும் எட்டும். சரணம் மேல் ஸ்தாயி காந்தாரத்தைத் தொடும்போது கோயிலில் பாதிக் குரல் விழுந்துவிடும். மத்யமத்துக்குப் போனால் மிச்சமும் போய்விடும். ஒரு கட்டையில் போட்ட பாட்டைக் கீழ் ஆறு கட்டைக்கு இறக்கினால் அதே சரணம் சாதாரணக் குரலுக்கு வசப்பட்டுவிடும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று முறை அழுத்தும் வேலைதான். முதல் திருப்பலி காலை ஐந்தரைக்கோ ஆறுக்கோ என்றால் இன்னும் ஒரு படி இறக்க வேண்டும். அந்த நேரத்தில் மனிதத் தொண்டை திறந்திருக்காது. மீன் ஏலத்துக்கு விடியும் முன்பே கத்திவிட்டு வந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ஆல்பத்தின் இடையிசை இன்னொரு தடை. வயலின் பகுதி முடிந்து புல்லாங்குழல் தொடங்கி, அதுவும் முடிந்து, எந்த இடத்தில் சரணம் எடுப்பது என்று குழுவுக்கு மட்டும் தெரியும். மக்கள் ஒருமுறை தவறான இடத்தில் எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க, மறுமுறை எடுக்க மாட்டார்கள். ஆல்பம் தனியாக வீட்டில் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் மூச்சு வாங்கும் இடம் தேர்ந்த பாடகருக்கு ஏற்றபடி இருக்கும். இருமுகிறவரும் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவரும் அந்த இடத்தில் மூச்சு வாங்க முடியாது.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னால் குழுக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் சொல்ல வேண்டும். சாதாரண மனிதர் தனியாகப் பாடக் கூச்சப்படுவார். பக்கத்துக் குரல் காதில் விழுந்தால் கூச்சம் போய்விடும். சிலுவைப்பாதையில் நடப்பது அதுதான். ஞாயிறன்று நான்கு மைக்கும் தூண்தோறும் மாட்டிய ஸ்பீக்கர்களும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் பக்கத்துக் குரல் மட்டுமல்ல, தன் குரலே தனக்குக் கேட்பதில்லை. கேட்காத குரலை எதற்கு எழுப்புவது என்று உடம்பே முடிவு செய்துவிடுகிறது. பிறகு நாம் பேரவையில் போய், மக்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை படிக்கிறோம்.

புதுப்பாட்டு மோகம் தனிக் கதை. பழைய பாட்டையே பாடினால் சலித்துவிடும் என்பது குழுவில் எப்போதும் சொல்லப்படும் நியாயம். யாருக்குச் சலிக்கும்? ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம் அதே பாட்டைப் பயிற்சி செய்யும் குழுவுக்குச் சலிக்கும். மக்கள் அதை மாதத்துக்கு ஒருமுறை, மூன்று நிமிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது பழகவே இன்னும் நாளாகும். முன்பெல்லாம் பங்கில் ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது. எண்ணைச் சொன்னால் எல்லோரும் திருப்பிக்கொள்வார்கள். இப்போது வரிகள் குழுவின் வாட்ஸ்அப்பில் வருகின்றன, குழுவின் கைபேசியில் இருக்கின்றன. கீழே இருப்பவர் கையில் ஒன்றுமில்லை. சில பங்குகளில் திரை வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் நேற்று இரவு கற்ற மெட்டைத் திரை சொல்லிக் கொடுக்காது.

இதுவரை சொன்னது கைவேலைக் குறைகள். அடிப்படைக் குறை வேறு இடத்தில் இருக்கிறது: எதைப் பாட வேண்டும் என்ற வரிசையே நம்மிடம் தலைகீழாகக் கிடக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்தது. அதை நடைமுறைப்படுத்த 1967 மார்ச் 5 அன்று ‘முசிக்காம் சாக்ரம்’ என்ற அறிவுறுத்தல் வந்தது. திருப்பலியில் பாட வேண்டியவற்றை அது மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் இருப்பவை குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்பவையும் எல்லோரும் சேர்ந்து சொல்பவையும்: தொடக்க வாழ்த்தும் அதன் பதிலும், நற்செய்திக்கு முன்னும் பின்னும் வரும் வாழ்த்துகள், தொடக்கவுரைக்கு முந்திய உரையாடல், தூயவர், நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் பெரிய ஆமென், கர்த்தர் கற்பித்த செபம். இரண்டாம் படியில் இரக்கமாயிரும், வானவர் கீதம், உலகின் பாவம் போக்கும் செம்மறி முதலியவை. வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மூன்றாம் படியில்தான் வருகின்றன. முதல் படியை மட்டும் தனியாகப் பாடலாம். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பாடக் கூடாது என்றும் அதே அறிவுறுத்தல் திட்டமாகச் சொல்கிறது.

நம் குழுக்களின் சனிக்கிழமைப் பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பாடலுக்கு முக்கால் மணி நேரம். திருவிருந்துப் பாடலுக்கு இரண்டு குரல், ஹம்மிங், எல்லாம். முதல் படியில் இருப்பதற்கு ஒரு நிமிடமும் கிடையாது. தொடக்கவுரை உரையாடலைக் குரு வசனமாகச் சொல்கிறார், மக்கள் வசனமாக முணுமுணுக்கிறார்கள். மன்றாட்டு முழுவதற்கும் மக்கள் வைக்கும் கையொப்பமான பெரிய ஆமென் அரைக் குரலில் முடிந்துபோகிறது. தூயவருக்கு மட்டும் குழுவிடம் ஐந்தாறு மெட்டு இருக்கும், வாரத்துக்கொன்று மாறும். எந்தப் பகுதியை மக்கள் கண்ணை மூடிக்கொண்டு பாட வேண்டுமோ அதைத்தான் வாராவாரம் புதிதாக்குகிறோம்.

பதிலுரைப் பாடலின் கதி இன்னும் மோசம். திருப்பாடலுக்குப் பதிலாக வேறு பாட்டைப் பாடக் கூடாது என்று திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிமுறைகள் சொல்கின்றன. நடப்பது என்ன? திருவிழா நாட்களில், வாசகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லாத ஓர் ஆல்பப் பாட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்ற நாட்களில் வாசகர் பல்லவியை வசனமாகப் படிக்க, நாமும் வசனமாகத் திருப்பிச் சொல்கிறோம். ஒரே ஓர் அடி. நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் மெட்டு. முன்னோடிப் பாடகர் ஒருமுறை பாடிக் காட்டினால் மக்கள் உடனே திருப்பிப் பாடிவிடுவார்கள். திருப்பலியில் மக்களைப் பாட வைக்க இதைவிட எளிய வாசல் இல்லை. அதைத்தான் சாத்தி வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. கேட்பதும் பங்கேற்புதானே? நல்ல குழு பாடும்போது மனம் இறைவனிடம் உயராதா? உயரும். 1967 அறிவுறுத்தலே உள்ளார்ந்த பங்கேற்பைப் பற்றிப் பேசுகிறது. குழு பாடுவதோடு மனத்தால் இணையவும் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. 1963 கொள்கைத் திரட்டும் பாடகர் குழுக்களை ஊக்கமாக வளர்க்கச் சொல்கிறது. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவில் குழு நான்கு குரலில் ஒரு பாட்டுப் பாடினால் நான் கண்ணை மூடிக் கேட்பேன். காணிக்கை நேரத்திலும் நற்கருணைக்குப் பிறகும் அதற்கு இடமுண்டு. ஆனால் குழுவை வளர்க்கச் சொல்லும் அதே பத்தி, மக்கள் தங்களுக்குரிய பகுதியைப் பாடுவதை ஆயர்களும் மேய்ப்பர்களும் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. எல்லாவற்றையும் குழுவிடமே ஒப்படைத்து மக்களை முழுவதும் விலக்கி வைக்கும் வழக்கத்தை 1967 அறிவுறுத்தல் வெளிப்படையாகக் கண்டிக்கிறது. மனத்தால் இணையலாம் என்ற வரியை எடுத்து, தூயவரையும் மக்கள் வாயிலிருந்து பறிப்பதற்கு அத்தாட்சியாகக் காட்டுவது நேர்மையான வாசிப்பு அல்ல.

மக்கள் பாட வேண்டும் என்பது சங்கத்துக்குப் பிந்தைய புதுமை என்று சொல்வோரும் உண்டு. இல்லை. 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளில், பத்தாம் பயஸ் வெளியிட்ட இசை ஆணையே கிரகோரியன் இசையை மக்களின் வாய்க்குத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1928-இல் பதினொன்றாம் பயஸ் மக்கள் வெறும் மௌனப் பார்வையாளர்களாக இருக்கக் கூடாது என்றார். (அதே 1903 ஆணை பியானோவையும் மேளத்தையும் தடை செய்தது, பெண்கள் குழுவில் பாடவும் கூடாது என்றது. இன்று பெண்களை எடுத்துவிட்டால் நம் குழுக்களில் கீபோர்டும் அதன் உறையும்தான் மிஞ்சும். விதிகள் மாறியிருக்கின்றன. மக்கள் பாட வேண்டும் என்பது மட்டும் ஒவ்வொரு மாற்றத்திலும் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது.)

தமிழ்க் கத்தோலிக்கரின் மரபும் மக்கள் பாடும் மரபுதான். பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் பீடத்தருகே நடப்பது புரியாமல் செபமாலை உருட்டினார்கள், உண்மை. ஆனால் கோயில் வாசலுக்கு வெளியே அம்மானை பாடினார்கள், கூத்துக் கட்டினார்கள், பாஸ்கு நடத்தினார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் இராகமிட்டு வாசித்து வருகிறார்கள். குருவைக் காண்பதே அரிதாக இருந்த ஊர்களில் உபதேசியார்தான் பாட்டும் செபமும் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கருவி இல்லை, குரலும் பெரும்பாலும் சுமார்தான். ஊரே பாடியது. 1960களில் திருப்பலி தமிழுக்கு வந்தபோது இந்தக் குரல் பீடத்தருகே வந்து சேரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அமலோற்பவதாஸ் அடிகளார் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை 1967-இல் தொடங்கியதும், திருச்சியில் கலைக்காவிரி 1977-இல் பிறந்ததும் அந்த நம்பிக்கையின் தொடர்ச்சிதான். பங்கு மட்டத்தில் அது கைகூடவில்லை. இலத்தீன் போனது, மௌனம் நின்றுவிட்டது.

பெந்தெகோஸ்தே சபைகளைக் காட்டி வாதிடுகிறவர்களுக்கும் ஒரு பதில். “அங்க மியூசிக் நல்லா இருக்கு, பசங்க போறாங்க, நாமும் டிரம்ஸ் வைக்கணும்” என்கிறார்கள். அங்கே நடப்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும். இரண்டு அடிப் பல்லவியைப் பத்து முறை திரும்பப் பாடுகிறார்கள். பாட்டு நடத்துபவர் மக்களைப் பார்த்து நிற்கிறார். அவர்கள் பாடாவிட்டால் நிறுத்தி, கேட்டு, மறுபடி எடுக்கிறார். முதல்முறை வந்தவரும் மூன்றாவது சுற்றில் சேர்ந்துகொள்கிறார். அவர்களுடைய இறையியல் இங்கே என் பேச்சில்லை. அவர்களிடமிருந்து நாம் டிரம்ஸை வாங்கி வந்தோம். மக்களைப் பார்த்து நிற்பதை வாங்கி வரவில்லை. அங்கே போய்ப் பாடும் பையன் நம் கோயிலில் பாடாதவன். எங்கே அவனைப் பாட விட்டார்களோ அங்கே போனான்.

ட்ராக் போட்டுப் பாடும் புதுப் பழக்கத்துக்கு அதிக மை செலவிட மாட்டேன். பதிவு செய்த இசையை வழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று 1958 செப்டம்பரிலேயே உரோமை சொல்லிவிட்டது. விதியை விடுங்கள்: ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. நன்மை வாங்கும் வரிசை நீண்டால் நீளாது, முடிந்தால் நிற்காது.

பழியைப் பாடும் பிள்ளைகள் மேல் போடுவது நியாயமல்ல. சனிக்கிழமை மாலையைக் கோயிலுக்குக் கொடுக்கும் இளைஞர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுக்கு யார் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதே தவறிவிடுகிறோம். கீபோர்டு நன்றாக வாசிப்பவர் இயல்பாகவே தலைவராகிவிடுகிறார். வாசிப்புத் திறமை வேறு, ஒரு கூட்டத்தைப் பாட வைக்கும் திறமை வேறு. இரண்டாவதற்கு வேண்டியது வழிபாட்டு நாட்காட்டி அறிவு, அந்த ஞாயிற்றின் வாசகங்களைப் படிக்கும் பழக்கம், மக்கள் குரல் எங்கே நிற்கிறது என்று அறியும் காது, முன்னே நின்று கை காட்டும் துணிவு. பள்ளி ஆசிரியை ஒருவரிடமோ ஓய்வுபெற்ற உபதேசியாரிடமோ இவை இருக்கலாம். கீபோர்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். பங்குத்தந்தை மாறும்போதெல்லாம் பாட்டும் குழுவும் மாறும் வழக்கமும் நிற்க வேண்டும். ஒரு பங்குக்கு என்று முப்பது நாற்பது பாடல்கள், இரண்டே தூயவர் மெட்டு, ஒரு வானவர் கீதம் என்று எழுதி வைத்து, யார் வந்தாலும் அது தொடர வேண்டும்.

எனவே குழுத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமை புதுப்பாட்டு எதுவும் எடுக்காதீர்கள். தூயவர் ஒன்றை எடுத்து, மூன்று படி இறக்கி, அடுத்த மூன்று மாதம் அது மட்டுமே என்று முடிவு செய்யுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு ஐந்து நிமிடம் முன்னால் மக்களுக்கு முன் நின்று பதிலுரைப் பல்லவியை ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். தூயவர் தொடங்கியதும் முதல் அடியோடு மைக்கை விட்டு ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள்; கோயில் என்ன பாடுகிறது என்று கேளுங்கள். பங்குத்தந்தையருக்கும் ஒன்று: தொடக்கவுரை உரையாடலை நீங்கள் பாடுங்கள். உங்கள் சுருதி கொஞ்சம் பிசகினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பதிலை மக்கள் பாடியே சொல்வார்கள்.